சட்டியில் இருந்தும் அகப்பையில் வராதது

நமது சிறுகதைகளில் வரும் முஸ்லிம் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கும்படி இந்த இதழின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோன்புக் கஞ்சி இருக்கும். வட்டிலப்பம் இருக்கும். பெருநாள் என்றால் புரியாணி, கல்யாணம் என்றால் நெய்ச்சோறும் கோழியும். ஏழைக் குடும்பம் என்று காட்ட வேண்டுமானால் பாணும் சம்பலும், அதுவும் இல்லையென்றால் வெறும் பிளேன்ரீ. இவற்றை மட்டும் படித்து நம்மை அறிந்துகொள்கிற ஒருவர், இலங்கை முஸ்லிம்கள் மாட்டிறைச்சியைக் கண்ணாலும் காணாதவர்கள் என்றே முடிவு செய்வார். ஜும்ஆ முடிந்து வீடு திரும்புகிறபோது ஒழுங்கை முழுக்க மணக்கிற இறைச்சி ஆணம், நான் வாசித்த அளவில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில கதைகளைத் தவிர வேறெங்கும் மணக்கவில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். நமக்கோ சட்டி நிறைய இருந்தும் அகப்பையில் வருவதில்லை.

இதை மறதி என்று நான் ஏற்கமாட்டேன். வீட்டு முற்றத்து முருங்கை மரத்தையும், வாப்பாவின் தொப்பியையும், மூத்தம்மாவின் தஸ்பீஹ் மணியையும் மறக்காதவர்கள் அடுப்பில் கொதிக்கிற சட்டியை மட்டும் எப்படி மறப்பார்கள்? இது மறைப்பு. காரணத்தையும் வெளியில் தேட வேண்டியதில்லை. அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில், மரியாதைக்குரிய ஒருவர் அதை எழுந்து நின்றே சொன்னார்: வடக்கில் திரும்பவும் நிம்மதியாக வாழ வேண்டுமானால் இந்த ஒன்றை நாம் விட்டுக்கொடுக்கலாம், உண்பதை விட முடியாவிட்டாலும் எழுதுவதையாவது விடலாம், அது சமையலறைச் சங்கதி, இலக்கியத்துக்கு எதற்கு? பலர் தலையாட்டினார்கள். நல்லிணக்க மேடைகளில் நாம் கொண்டுபோய் வைக்கிற தட்டுகளும் இதே தலையாட்டல்தான். கோழிப் புரியாணியும் வட்டிலப்பமும் மேடைக்குப் போகும். எலும்பாணம் வீட்டில் நிற்கும்.

விட்டுக்கொடுப்பதன் விலையை யார் கட்டுகிறார்கள் என்று அந்தப் பெரியவர் பார்த்திருக்க மாட்டார். நான் வகுப்பறையில் பார்க்கிறேன். தீவுப் பகுதியில் ஒரு சிறிய பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் ஐந்தில் எங்கள் பிள்ளைகள் மூன்று பேர். "எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி உம்மா காலையில் அடுப்பு மூட்டுவதையும், வாப்பா இறைச்சி வாங்கி வருவதையும், தான் வெங்காயம் உரித்துக் கண் எரிந்ததையும் அழகாக எழுதியிருந்தாள். 'மாட்டிறைச்சி' என்ற சொல்லின் மேல் மட்டும் நான்கைந்து தடவை கோடிட்டு, பக்கத்தில் 'கத்தரிக்காய்' என்று எழுதியிருந்தாள். கத்தரிக்காய் மூன்று மணித்தியாலம் அவிந்ததாம். ஒருவரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. பத்து வயதில் தானாகவே தெரிந்துகொண்டிருக்கிறாள், தன் வீட்டுச் சோற்றை ஏட்டில் எழுதக்கூடாதென்று. அந்தக் கோட்டை அவளுக்கு முன்னே போட்டுக் காட்டியவர்கள் நாம், பேனா பிடித்தவர்கள். பிள்ளை நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

மாட்டிறைச்சி ஏதோ நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து இந்தத் தீவுகளில் இறக்கிய சரக்கு என்பதுபோல் பேசுகிறார்கள். நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் 'பசுக்களின் தீவு' என்றே அழைத்தார்கள். அந்தத் தரவையில் அவ்வளவு மாடு. பிறகு வந்த ஒல்லாந்தர் அதற்கு டெல்வ்ற் என்றும் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். ஆட்சியாளர்கள் மாறினார்கள், பெயர்கள் மாறின, பட்டிகள் மாறவில்லை. இன்றும் தீவகத்தில் பாலும் தயிரும் ஒரு வாழ்வாதாரம். சவாரி மாடு வளர்ப்பது இன்றும் ஒரு பெருமை.

அந்தப் போர்த்துக்கேயர் காலத்துக் கதை ஒன்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். பறங்கி அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கொரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை இருந்ததாம். திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர், தன் முறை வந்தபோது பசுவைக் கொடுக்க மனமில்லாமல் ஊரைவிட்டே வெளியேறி இந்தியாவுக்குப் போனார் என்பது மரபு. சிதம்பரத்தில் அவர் வெட்டிய குளம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இந்தக் கதையைப் பாடசாலையில் நான் மனமாரச் சொல்லிக் கொடுக்கிறேன். தன் நம்பிக்கைக்காகத் தன் வீட்டையும் காணியையும் இழக்கத் துணிந்தவர் அவர். இதைவிட மரியாதைக்குரிய மரக்கறிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வெளியேறினார், ஒருவரையும் வெளியேற்றவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையில் சில நூறு ரூபாய். பானை சட்டி அங்கேயே நின்றது. பசுவைக் காப்பாற்ற ஊரை விட்டவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே ஊரிலிருந்து துரத்தப்பட்டவனிடம் இன்னொரு தடவை 'விட்டுக்கொடு' என்று கேட்பது எந்த நியாயம்?

அடுத்த வாதம், இது அயலவர் மனத்தைப் புண்படுத்துகிறது என்பது. இதை நான் இலேசாகத் தட்டிவிடமாட்டேன். சைவ அயலவர் ஒருவருக்குப் பசு தாய்போன்றது என்றால் அது அவருடைய மெய்யான உணர்வு. ஆறுமுக நாவலர் தமது பாலபாடங்களில் புலாலுண்பதைக் கண்டித்து எழுதியவற்றைப் படித்து வளர்ந்த வீடுகள் இங்கே உண்டு. சங்க காலத்து மழவர் கொழுத்த ஆவைத் தின்றதாக அகநானூற்றில் வருகிறதே என்று எடுத்துக் காட்டி அவர்களை மடக்க நான் விரும்பவில்லை. ஒருவருடைய விரதத்தை மேற்கோளால் உடைக்கக் கூடாது. கோயில் வீதியில் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு திரிவதும், எலும்பைக் கண்ட இடத்தில் வீசுவதும் கேவலம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். பசு பால் தர வேண்டுமானால் கன்று போட வேண்டும். போடுகிற கன்றில் ஏறக்குறையப் பாதி நாம்பன். முன்னர் நாம்பன் வளர்ந்து ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது. இப்போது உழவு லாண்ட்மாஸ்ரரில் நடக்கிறது. மாரி போய்ப் புல் கருகுகிற தீவில், வேலையில்லாத நாம்பனையும் கிழட்டு எருதையும் பராமரிக்க எந்த விவசாயியால் முடியும்? அவர் விற்கிறார். வாங்குகிறவர் எங்கே கொண்டுபோகிறார் என்று விற்பவருக்குத் தெரியாதா? தெரியும். பால் குடித்தவர் கை சுத்தம், மாடு விற்றவர் கை சுத்தம், கடையைக் கேள்வி கோரிக் குத்தகைக்கு விட்டு வருமானம் எடுக்கிற உள்ளூராட்சி சபையின் கையும் சுத்தம். வெட்டியவன் கை மட்டும் கறை. உண்பவர்களும் நாம் மட்டுமல்ல. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மண்டைதீவிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய அடுப்பிலும் இதே சட்டி ஏறும். சைவர்களிலும் சொல்லாமல் உண்பவர்கள் உண்டு. இதை ஊர் அறியும். சட்டி பலருக்குப் பொது. பழி ஒருவனுக்குச் சொந்தம். இந்தக் கணக்கை எழுதாமல் விட்டுவிட்டு நல்லிணக்கம் பேசுவது, கடன் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடனில்லை என்பது போன்றது.

சரி, அந்தச் சட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? இலக்கியத்துக்கு உதவாதது என்று தள்ளப்பட்ட அதை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் இது எலும்பாணம். நல்ல சதைத்துண்டு இதற்கு வேண்டாம். முன்னங்கால், கழுத்து, நெஞ்செலும்பு இவைதான் வேண்டும். இவைதான் விலையும் குறைவு. ஏர் இழுத்த மாட்டின் இறைச்சி இறுகியது, அவசரக்காரனுக்குச் சரிவராது. ஒரு கிலோவைப் பெரிய துண்டுகளாக எலும்போடு வெட்டி, மஞ்சளும் உப்பும், இஞ்சியும் உள்ளியும் அரைத்துப் பிசைந்து அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். மிகவும் முற்றிய இறைச்சி என்றால் ஒரு துண்டு பப்பாசிக்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். மண்சட்டியில் எண்ணெய் சூடானதும் சின்ன வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை, கறுவா, ஏலம், கராம்பு. வெங்காயம் பொன்னிறமானதும் இறைச்சியைப் போட்டுப் பிரட்ட, அது தன்னுடைய தண்ணீரையே விடும். அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் தெரிகிறபோதுதான் வறுத்த கறித்தூளைப் போட வேண்டும். முந்திப் போட்டால் தூள் அவியும், மணக்காது. பிறகு கப்பிப்பாலை இறைச்சி மூழ்க ஊற்றி மூடிவிட்டு, விறகை இழுத்துத் தணலில் விட வேண்டும். பனைமட்டை சுறுசுறுவென்று எரியும், மூட்டுவதற்கு மட்டும்தான் அது. நின்று எரிவதற்குப் பூவரசங் கட்டை.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. இரண்டரை, மூன்று மணித்தியாலம். அந்த நேரத்தில் எலும்பை ஒட்டிய சவ்வும் நரம்பும் மெல்ல உருகி ஆணத்துக்குப் பசைத்தன்மை கொடுக்கும். கடுமையாகக் கொதிக்கவிட்டால் சதை நாராகிவிடும். சின்னக் குமிழி எழுந்து உடைகிற சூடு போதும். துண்டு விரலால் நசுங்குகிற பதத்தில் உருளைக்கிழங்கைப் பெரிதாக வெட்டிப் போடலாம். கிழங்கு விலை ஏறிய காலத்தில் மரவள்ளி போட்டோம்; அதுவும் குறைவில்லை. கடைசியில் முதற்பால், ஒரு கொதி, வறுத்துத் தூளாக்கிய பெருஞ்சீரகம் ஒரு சிட்டிகை, இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி. அன்றைக்குச் சோற்றுடன், மறுநாள் காலையில் இறுகி நிற்பதைச் சூடாக்கிப் பாணுடன் அல்லது ஒடியல் பிட்டுடன். ஒரு கிலோ எலும்பிறைச்சியில் எட்டுப் பேர் இரண்டு நேரம் சாப்பிடலாம். பிரஷர் குக்கரில் முக்கால் மணித்தியாலத்தில் முடிக்கலாம்தான். நகரத்தில் எரிவாயு எரிப்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இதில் எங்கே வன்மம் இருக்கிறது? எங்கே ஆக்கிரமிப்பு இருக்கிறது? இது குறைந்த காசில் நிறைய வயிறுகளை நிரப்பத் தெரிந்த பெண்களின் கைவேலை. 2022 நெருக்கடியில் மீனும் கோழியும் முட்டையும் கைக்கெட்டாமல் போனபோது, மதியத்துக்கு முன்னே மேசையில் தலைசாய்த்த பிள்ளைகளை நான் பார்த்தேன். அரைக் கிலோ நெஞ்செலும்பு வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. இதுவும் நமது வாழ்வு. எழுத்தில் வர இதற்குத் தகுதியில்லையா?

நாம் எழுதாமல் விட்ட வெற்றிடத்தில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். 2013 மே 24ஆம் திகதி, வெசாக் தினத்தில், கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் போவத்தே இந்திரரத்தன தேரர் மாடறுப்புக்கு எதிராகத் தீக்குளித்து மறுநாள் இறந்தார். அதே ஆண்டு மார்ச்சில், ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரத்தின் நடுவே ஜம்இய்யத்துல் உலமா அதை வழங்குவதைக் கைவிட நேர்ந்தது. 2016இல் வடக்கில் சிவசேனை என்ற அமைப்பு உருவானது. 2018இல் சாவகச்சேரியில் மாடறுப்புக்கு எதிரான போராட்டம் நடந்தது. 2020 செப்டெம்பரில் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ கொண்டுவந்த மாடறுப்புத் தடை யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. 2021 ஒக்டோபரில் சட்டங்களைத் திருத்தவும் அனுமதித்தது. அது சட்டமாகி நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த யோசனையின் இன்னொரு பகுதியை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பதாம். அதாவது பிறநாட்டு மாடு செத்தால் பாவமில்லை. ஜீவகாருண்யம் கடவுச்சீட்டுப் பார்க்கிறது. உள்ளூரில் வெட்டுகிற கையைத்தான் இல்லாமலாக்க வேண்டும் என்றால், பிரச்சினை மாட்டைப் பற்றியதா, மனிதனைப் பற்றியதா? இந்த ஒரு முரணை வைத்தே ஒரு நல்ல சிறுகதை எழுதலாம். எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பேசாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தியாவைப் பார்க்கட்டும். 1947 யூலையில் பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு வந்த குரல்களுக்கு, பசுவைப் பூசித்த காந்தியே மறுப்புச் சொன்னார். தன் சமயத்தில் உள்ள தடையை அந்நாட்டில் வாழும் எல்லோர் மீதும் சட்டமாகச் சுமத்த முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2015 செப்டெம்பர் 28 இரவு, உத்தரப் பிரதேசத்தின் தாத்ரிக்கு அருகே முகம்மது அக்லாக் என்ற மனிதரை, வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருக்கிறார் என்ற வதந்தியை நம்பிய கும்பல் அடித்துக் கொன்றது. பிறகு அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இறைச்சி ஆய்வுக்குப் போனது. அவர் மாட்டிறைச்சியைப் பற்றிக் கவிதை எழுதிய குற்றத்துக்காகச் சாகவில்லை. சட்டியை மூடிவைத்தவனையும் மூடியைத் திறந்து பார்த்து அடிப்பார்கள். மூடிவைத்திருப்பதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

நமது பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. தீவகத்தில் மாடு களவு போவதும், பற்றைக்குள் வெட்டி இறைச்சியாக்கிக் கடத்துவதும் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. கடத்துபவன் எந்தச் சமயத்தவனாகவும் இருக்கட்டும். களவு மாட்டின் இறைச்சி பிஸ்மி சொல்லி அறுத்தாலும் ஹலாலாகாது. ஓர் ஏழைப் பெண்ணின் கறவைப் பசுவைத் திருடியவனுக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன். லொறியில் நெருக்கி, காலொடிய, தண்ணீரில்லாமல் மாடுகளை ஏற்றிவருவதும் அப்படியே. கத்தியைக் கூராக்கு, பிராணியை வதைக்காதே, அதன் கண்முன்னே கத்தியைத் தீட்டாதே என்று போதித்த நபியின் உம்மத் நாம். குர்பானுக்கு ஆடும் கொடுக்கலாம்; மாடுதான் கொடுக்க வேண்டுமென்று மார்க்கத்தில் கட்டாயமில்லை. ஆகவே மாட்டிறைச்சி உண்பதை ஈமானின் ஓர் அங்கமாக்கி மேடையில் முழங்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இது கடமையென்று நான் சொல்லவில்லை. நம்முடைய வீட்டுச் சோறு என்றுதான் சொல்கிறேன். இந்தக் குறைகளையும் நாம் எழுத வேண்டும். ஆனால் சட்டியே இல்லையென்று சாதிக்கிறவன் சட்டியில் பிடித்த கரியை எப்படிக் கழுவுவான்?

உணவு சமையலறைச் சங்கதி, இலக்கியத்துக்கு எதற்கு என்ற கேள்விக்கு யாழ்ப்பாண மண்ணே பதில் சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் இங்கே தேநீர்க்கடையில் யார் உள்ளே இருந்து குடிப்பது, யாருக்கு எந்தக் குவளை என்பதுதான் அரசியல். அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக மனிதர்கள் அடிபட்டார்கள். கே. டானியல் அந்த மனிதர்களின் வாழ்க்கையை, ஒளிவு மறைவில்லாமல், 'பஞ்சமர்' முதலான நாவல்களில் எழுதினார். நாற்றமடிக்கிறது என்று மூக்கைப் பொத்தியவர்கள் அப்போதும் இருந்தார்கள். மாட்டிறைச்சி உண்டதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பை 1948இல் அம்பேத்கர் ஒரு நூலாகவே எழுதினார். தட்டில் இருப்பதை வைத்து மனிதனுக்குத் தரம் போடுகிற சமூகத்தில், தட்டை எழுதாத இலக்கியம் அந்தத் தரப்படுத்தலுக்குத் துணைபோகிறது.

1990ஐப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். வீடு, பள்ளிவாசல், கிணறு, விட்டுவந்த புத்தகங்கள் எல்லாம் வந்துவிட்டன. புத்தளத்துக் கொட்டில்களில் மூன்று கல் வைத்து, கடன் வாங்கிய அலுமினியச் சட்டியில், அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடைத்த குர்பான் இறைச்சியை எங்கள் உம்மாமார் சமைத்தார்களே, யாழ்ப்பாணத்துத் தூள் இல்லாமல், அந்த ருசி வராமல், அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களே, அது எந்தக் கதையில் இருக்கிறது? ஊர் இழந்த துயரத்தை அதைவிடத் துல்லியமாகச் சொல்கிற படிமத்தை நான் அறியேன். அதை நாம் தொடவில்லை. தொட்டால் 'மாட்டிறைச்சி' என்ற சொல்லை எழுத வேண்டி வரும்.

ஆகவே இந்த இதழின் ஆசிரியர் குழுவிடமும், இதில் எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த கதையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தால், அந்த வீட்டில் உண்மையில் என்ன அவிகிறதோ அதை எழுதுங்கள். முழக்கமாக எழுத வேண்டாம், யாரையும் சீண்டவும் வேண்டாம். கோழியை எழுதுகிற அதே சாதாரணக் குரலில் எழுதினால் போதும். இறைச்சியை வெட்டுகிறவரை ஒரு பாத்திரமாகக் கொண்டுவாருங்கள்; அவருக்கும் பிள்ளைகள், கடன், முழங்கால் வலி எல்லாம் உண்டு. நாம்பனை விற்றுவிட்டு இரவு தூங்காத சைவ விவசாயியையும் எழுதுங்கள். அவரை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதைப் படித்து ஓர் அயலவர் முகம் சுளித்தால் அவரோடு உட்கார்ந்து பேசலாம். பேசுவதற்கு நம்மிடம் ஒரே தமிழ் இருக்கிறது.

அந்தச் சிறுமியின் கொப்பியில் கத்தரிக்காயை வெட்டி, அவள் முதலில் எழுதிய சொல்லை மேலே திருப்பி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கவில்லை.